கேட் மூடியிருக்கட்டும்

காரின் பானெட்டுக்குள் தலையை விட்டு, சோப்பு நுரை தோய்த்த பிரஷ்ஷால் ஏசிக் குழாயின் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருக்கிறார் ஏசி அண்ணன். நுரையில் எங்காவது ஒரு குமிழ் எழும்பினால் அங்கே கேஸ் கசிகிறது என்று பொருள். குமிழைக் கண்டதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். தொலைந்துபோன ஆட்டைப் பிடித்தவர்கூட அப்படிச் சிரிக்கமாட்டார். "வந்துட்டியா? வா ராசா, உன்னைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்" என்பார். மனிதர்கள் யாரிடமும் அவர் இத்தனை கனிவாகப் பேசிக் கேட்டதில்லை என்கிறார் பக்கத்து டயர்க்கடைக்காரர்.

மனிதர்களுக்குக் கிடைப்பது திட்டுத்தான். வெயில் ஏறத் தொடங்கியதும் அவருடைய தகரக் கொட்டகை வாசலில் கார்கள் வரிசை கட்டிவிடும். எல்லோருக்கும் ஒரே பாட்டு: "அண்ணே, கொஞ்சம் கேஸ் மட்டும் அடிச்சு விடுங்க, போதும்." அவ்வளவுதான், பிடித்துக்கொள்வார். "கேஸ் என்ன டீயா, உங்க வண்டி குடிச்சுத் தீர்க்க? எங்கேயோ ஒழுகுது சார். ஒழுகற குடத்துல தண்ணி ஊத்தற வேலைக்கு நான் ஆள் இல்லை. வேற கடை பாருங்க." யாரும் வேறு கடை பார்ப்பதில்லை. திட்டு வாங்கிக்கொண்டு நிழலில் போய் நிற்பார்கள்.

ஒருமுறை ஒருவர், ஏசியில் நெருப்பு வருகிறது என்று குதித்துக்கொண்டு வந்தார். அண்ணன் ஜன்னல் வழியே கையை விட்டு, சூட்டுக்கான சிவப்புப் பக்கம் இருந்த திருகை நீலப் பக்கம் திருப்பிவிட்டு, அடுத்த வண்டிக்குப் போனார். இன்னொருவர் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் பட்டனை அழுத்தி வைத்துக்கொண்டு, குளிரே இல்லை என்று புலம்பினார். "தெருவையே குளிர வைக்கப் பாக்கறீங்களா? மூடுங்க சார்." கொஞ்சம் கூடுதலாக கேஸ் அடித்தால் கூடுதலாகக் குளிரும் என்று நம்புகிறவர்களுக்கு மட்டும் தனிப் பூசை உண்டு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது ஏசிக்காகவே சொல்லப்பட்டது என்பது அவருடைய கட்சி.

ஊருக்கெல்லாம் குளிர் ஊட்டுகிறவரின் அறை, கொட்டகைக்கு மேலே மரப்படி ஏறினால் வரும். கூரை சுடும். ஒரு மேசை விசிறி, கட்டில், ஒரே ஒரு தட்டு. மனைவி இருந்தவரை தட்டுகள் அடுக்காக இருந்தன. அவர் இறந்த பிறகு மற்றவற்றை மகள் எடுத்துக்கொண்டு போனாள். வேறு ஊரில் இருக்கிற அந்த மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். "சாப்டீங்களாப்பா?" "சாப்ட்டேன்மா." "வெயில் எப்படி?" "இருக்கு." அதோடு பேச்சு முடிந்துவிடும். போனை வைத்த பிறகுதான் அவருக்குச் சொல்ல வேண்டியவை ஒவ்வொன்றாக ஞாபகம் வரும். அவற்றை விசிறிதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வேலை முடிந்தால் வண்டியை அப்படியே கொடுத்துவிடமாட்டார். சொந்தக்காரரை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து, காற்று வரும் வாயில் தெர்மாமீட்டரைச் செருகி, ஒரு சுற்றுப் போய் வருவார். "ஓடற வண்டியில எந்த ஏசியும் குளிரும். நிக்கற வண்டியில குளிரணும், அதுதான் பரீட்சை." அந்தப் பரீட்சைக்காக அவர் தேர்ந்தெடுத்திருக்கும் இடம் ரயில்வே கேட். மூடியிருந்தால் நின்று பார்க்கலாம். திறந்திருந்தால் ஓரமாக நிறுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். கேட் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதைப் பற்றி அவர் பெரிதாக அலட்டிக்கொண்டதில்லை, ஒரே ஒரு வண்டியைத் தவிர.

அந்த வண்டி ஒரு பழைய வெள்ளைக் கார். கை கால் விளங்காமல் படுத்திருப்பவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபி அம்மாவுடையது. ஐம்பதை ஒட்டிய வயது, தனி ஆள், பகலெல்லாம் காரில்தான் வாழ்க்கை. ஊரே அண்ணே என்று கூப்பிடுகிறவரை, கிரீஸ் கையும் அழுக்குச் சட்டையுமாக நிற்கிறவரை, அந்த அம்மா மட்டும் "சார்" என்பார். வெள்ளைக் கார் தெருமுனையில் திரும்பும்போதே டயர்க்கடைக்காரர் குரல் கொடுப்பார்: "அண்ணே, உங்க வண்டி வருது!" அண்ணன் காது கேட்காதவர்போல இருப்பார். ஆனால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவியிருப்பார்.

கேட்டில் நிற்கும்போது அந்த அம்மா பேசுவார். பேச்சு போன தாத்தா ஒருவர் தினமும் விரலால் போர்வையில் அந்த அம்மாவின் பெயரை எழுதிக் காட்டுவதைச் சொல்வார். ஒரு கோடையில் அண்ணனின் வலது தோள் தூக்கிக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டார். டாஷ்போர்டுக்கு அடியில் முறுக்கிப் படுத்து வேலை பார்த்ததில் அது அப்படியே இறுகிப் போயிருந்தது. "கையைக் கொடுங்க சார்" என்று வாங்கி, மெதுவாகச் சுழற்றி, எங்கே வலிக்கிறது என்று கேட்டார். ரயில் போய், கேட் திறந்து, பின்னால் ஹார்ன் அடிக்கும்வரை அவருடைய கை அந்த அம்மாவின் கையில் இருந்தது. மனைவி போன பிறகு அவரை யாரும் தொட்டதில்லை. வலிக்கவில்லை என்று பொய் சொன்னார். கண் கலங்கியதற்கு வெயிலைக் காரணம் காட்டினார்.

இனி, அண்ணன் யாருக்கும் சொல்லாத விஷயத்துக்கு வரலாம். அந்த வண்டி முதன்முதலில் வந்தபோது, நோயாளி காத்திருக்கிறார் என்று அந்த அம்மா அவசரப்பட்டதால், ஓட்டையைத் தேடாமல் கேஸ் மட்டும் அடித்து அனுப்பினார். அதில் குற்றமில்லை. அடுத்த கோடையில், "மறுபடியும் குளிரலை சார்" என்று அவர் வந்து நின்றார். அண்ணன் பானெட்டைத் திறந்து நுரை தடவினார். முன்பக்கத்து இணைப்பில் குண்டூசித் தலையளவு குமிழ் எழும்பியது. உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் வளையம் தேய்ந்திருந்தது. மேசை இழுப்பறையைத் திறந்தால் அந்த வளையங்கள் கைநிறையக் கிடைக்கும். மாற்றிவிட்டால் வண்டி நெடுநாள் இந்தப் பக்கம் வராது.

அவர் துணியை எடுத்து நுரையைத் துடைத்துவிட்டார். கேஸை நிரப்பினார். "ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடலாமா மேடம்?" என்றார். போகிற வழியெல்லாம், கேட் மூடியிருக்கட்டும், கேட் மூடியிருக்கட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே போனார். அன்றிலிருந்து கோடைக்கு ஒருமுறை இதே கதைதான். ஊருக்குத்தான் உபதேசம். ஒழுகற குடத்தில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை என்றவர், ஒரு குடத்தை மட்டும் ஒழுக விட்டே வைத்திருந்தார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுக்கத்தான் செய்தது. வருடத்துக்கு ஒரு சுற்று. யாருக்கு என்ன நஷ்டம் என்று அதன் வாயை அடைத்துவைத்திருந்தார்.

இந்தக் கோடையில் அடைப்பு பிடுங்கிக்கொண்டது. வெயில் தொடங்கும்போதே வந்து கேஸ் நிரப்பிக்கொண்டு போன வண்டி, உச்சி வெயிலில், எல்லா ஜன்னல்களும் திறந்தபடி மறுபடி வந்து நின்றது. அந்த அம்மாவின் முடியெல்லாம் நெற்றியில் ஒட்டியிருந்தது. பின் இருக்கை ஈரம்.

"என்ன மேடம், அதுக்குள்ள?"

"அந்தத் தாத்தாவை ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன் சார். பாலத்து மேல டிராஃபிக். ஏசியில அனல் காத்து. பின்னாடி திரும்பிப் பாத்தா, தலை தொங்கிடுச்சு. தண்ணியை ஊத்தி, அப்படியே திருப்பி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். நல்ல வேளை, பொழச்சுக்கிட்டார்." நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கிக்கொண்டார். "உங்களைக் குத்தம் சொல்லலை சார். நீங்க வருஷா வருஷம் பாத்துப் பாத்துத்தான் செய்றீங்க. வண்டிக்கு வயசாயிடுச்சு."

இதைவிட அவர் நாலு அறை விட்டிருக்கலாம். அண்ணன் நாற்காலியைக் கொட்டகை விசிறிக்கு எதிரே இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தார். தண்ணீர் கொடுத்தார். பிறகு இழுப்பறையைத் திறந்தார்.

இந்த முறை நுரை தடவவில்லை. எங்கே என்று தெரிந்தவருக்கு நுரை எதற்கு? மிச்சமிருந்த கேஸை இறக்கி, இணைப்பைக் கழற்றி, தேய்ந்த வளையத்தை எடுத்தார். புதியதில் எண்ணெய் தடவி, அது உட்கார வேண்டிய பள்ளத்தில் உட்காரவைத்து, இறுக்கினார். குழாயிலிருந்த காற்றை உறிஞ்சி எடுத்து, முள் நகராமல் நிற்கிறதா, அதாவது கசிவு நின்றுவிட்டதா என்று வெகுநேரம் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். நின்றது. தன் வாழ்நாளில் ஒரு முள் ஆடாமல் நின்றதற்காக அவர் வருத்தப்பட்டது அன்றுதான். அளவோடு கேஸை நிரப்பினார். தூசி அடைந்த முன்பக்கத்து வலையையும் தண்ணீர் விட்டுக் கழுவினார். டயர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அண்ணனின் முகத்தைக் கண்டு கேலியை விழுங்கிவிட்டுப் போனார்.

கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில், முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. தெர்மாமீட்டர் இறங்கி இறங்கி, நிற்கிற வண்டியிலும் அவர் இதுவரை அந்தக் காரில் பார்க்காத எண்ணில் போய் நின்றது.

"அப்பா, என்ன குளிரு!" என்றார் அந்த அம்மா. "இது எவ்வளவு நாள் தாங்கும் சார்?"

"இனிமே நீங்க வர வேண்டியிருக்காது மேடம்."

"என்ன பண்ணீங்க?"

"ஒரு ரப்பர் வளையம். அதை மாத்தினேன்."

அந்த அம்மா அவர் பக்கம் திரும்பினார். "அவ்வளவுதானா? இதை முன்னாடியே செஞ்சிருக்கலாமே சார்?" குரலில் கோபம் இல்லை. நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்கும் குரல்தான்.

"செஞ்சிருக்கலாம்" என்றார் அவர். ஏன் செய்யவில்லை என்பது தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் கேட் திறந்துவிட்டது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.

கொட்டகைக்குத் திரும்பினார்கள். அண்ணன் இறங்கிக் கதவைச் சாத்தினார். கார் நகர்ந்து, தெருமுனைக்குப் போகும் முன்பே நின்றது. பின்னோக்கி மெதுவாக வந்து அவர் பக்கத்தில் நின்றது. கண்ணாடி இறங்கியது. உள்ளேயிருந்து குளிர் அவர் முகத்தில் வந்து மோதியது.

"சார், ஒண்ணு கேக்கணும்..."

திட்டு வரப்போகிறதா, மன்னிப்பு வரப்போகிறதா, இல்லை, சும்மா வந்து போங்கள் என்று சொல்லப்போகிறாரா என்று அவருக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் கேட்கிற தெம்பு அன்று அவரிடம் இல்லை.

"கண்ணாடியை ஏத்துங்க மேடம், குளிரு போகுது" என்று கையை மேலே மேலே ஆட்டினார். அந்த அம்மா பேசிக்கொண்டே பட்டனை அழுத்தினார். கண்ணாடி ஏறி மூடிக்கொண்டது. அதற்கு அப்பால் அவருடைய உதடுகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. ஒரு சொல்லும் வெளியே கேட்கவில்லை. வெயிலில் நின்றபடி ஏசி அண்ணன், எல்லாம் விளங்கியவர்போல, பெரிதாகத் தலையை ஆட்டினார்.