மரியாதை வெற்றிலை

தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் இரவு வேலை முடித்துப் படியிறங்கிய ஜெயராசாவுக்கு எதிரே, கரப்பந்து அணித் தலைவன் இராசையா தட்டோடு நின்றான். தட்டில் வெற்றிலை பாக்கு. யார் வீட்டுக் கல்யாணமோ என்று தூக்கக் கலக்கத்தில் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அவன் வாயைத் திறந்தான்.

"ஞாயித்துக்கெழம ஹாலிஎலயில வாலிபால் பைனலுங்கண்ணே. வந்துருங்க."

தூக்கம் பறந்துவிட்டது. அதே ஞாயிற்றுக்கிழமைதான் கண்டியில் கச்சேரி. ரேடியோவில் மட்டும் கேட்ட பாடகர் இந்தியாவிலிருந்து வருகிறார். ஊரே அண்ணன் முறை வைத்து 'நானா' என்று கூப்பிடும் பதுளைத் துணிக்கடை பலீல் வேன் பிடித்து, இவருக்கும் மனைவி மீனாம்பாளுக்கும் இடம் போட்டு வைத்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து பதுளை ஆஸ்பத்திரியைத் தாண்டி இருவரும் சேர்ந்து எங்கேயும் போனதில்லை.

ஆனால் தோட்டத்து அணியில், பந்தயத்துக்கு வெற்றிலை வாங்கியவன் வராமல் இருக்கக் கூடாது. வராவிட்டால் மாரியம்மனுக்குச் சொன்ன வாக்கை மீறியதாகப் பேச்சு வரும். பாழாய்ப்போன வழக்கம். அதை உண்டாக்கிய பழைய ஆட்டக்காரர்களில் ஜெயராசாவும் ஒருவர், யாரை நோவது?

"வாங்குனது வாங்கியாச்சு, போய் வெளையாடுங்க" என்றாள் மீனாம்பாள்.

"நீயாவது பலீல் நானா வீட்டாளுங்களோட போயிட்டு வா புள்ள."

"நீங்க இல்லாம நான் மட்டும் போய் என்னத்தக் கேக்க?"

வெளியே எடுத்து வைத்திருந்த பச்சைச் சேலையை அவள் மறுபடியும் பெட்டிக்குள் வைத்தாள். கோபப்பட்டிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஞாயிறு காலை லொறியில் நின்றுகொண்டே போனதில் அவர் முட்டி இரண்டும் கெஞ்சின. மைதானத்தில் இராசையா ஆட்டக்காரர்களின் பெயரைக் கூப்பிட்டான். ஜெயராசாவின் பெயர் வரவேயில்லை.

"என்னாப்பா, நானு?"

"நீங்க ஒக்காருங்கண்ணே, முட்டி வலியோட எதுக்கு? ஆரம்பத்துலேருந்து ஆடுன ஆளு, ஒங்களுக்கு வெத்தல வைக்காம விட்டா நல்லாவா இருக்கும்? மரியாதைக்குத்தான் வச்சோம்."

மரியாதை! பயல்கள் தங்கள் சட்டைகளையும் கைக்கடிகாரங்களையும் அவர் மடியில் போட்டுவிட்டு ஓடினார்கள். அவருக்குச் சண்டை போடத் தெம்பில்லை, எழுந்து போக வழியுமில்லை. வேன் இந்நேரம் வெலிமடையைத் தாண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, மடியில் கிடந்ததைக் காவல் காத்தார்.

தோட்டம் ஜெயித்தது. திரும்பும்போது லொறியில் பயல்கள் அதே பாடகரின் பாட்டைத் தகரத்தில் தட்டித் தட்டிக் கொலை செய்தார்கள். அவருக்குக் கிடைத்த கச்சேரி அவ்வளவுதான்.

லயத்து வீட்டு வாசலில் மீனாம்பாள் காத்திருந்தாள். லொறிச் சத்தத்திலேயே வெற்றி தெரிந்துவிட்டது அவளுக்கு.

"ஜெயிச்சிட்டீங்களாமே! நல்லா ஆடுனீங்களா?"

"ம்" என்றார்.

"எனக்குத் தெரியும், நீங்க இல்லாம அவனுங்க எப்புடி ஜெயிப்பானுங்க? அதான் போகச் சொன்னேன்."

அவள் நல்லெண்ணெயைச் சுடவைத்துக் கொண்டுவந்து எதிரே உட்கார்ந்தாள். ஜெயராசா காலை நீட்டினார்.