வாப்பா திரும்பிய பக்கம்

வாப்பா சவூதியிலிருந்து வந்து இறங்கிய பத்தாவது நாள், வந்திருப்பவர் எங்கள் வாப்பா இல்லை என்று நாங்கள் நாலு பேரும் சேர்ந்து முடிவு செய்தோம். நாலு பேர் என்று ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். யோசித்தது நானும் என் தங்கையும்தான். எனக்கு ஒன்பது வயது, அவளுக்கு ஏழு. தம்பிக்கு ஐந்து, நாங்கள் எதைச் சொன்னாலும் தலையாட்டுவான். சின்னவளுக்கு நாலு நிறையவில்லை. வாப்பா விமானம் ஏறும்போது அவள் உம்மாவின் வயிற்றில் இருந்தாள். அவளைப் பொறுத்தவரை வாப்பா என்றால் உம்மாவின் செல்போனுக்குள் குடியிருக்கும் ஒரு ஆள்.

தேங்காப்பட்டணத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் வாப்பாமார் இப்படிப் போனுக்குள்தான் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை மதியம் போன் வரும். உம்மா பேசி முடித்ததும் வயது வரிசைப்படி எங்கள் கைக்கு வரும். அந்த வாப்பாவுக்குக் கேட்காத சத்தமே கிடையாது. தம்பி எதையாவது மென்றுகொண்டு பேசினால், என்னத்த திங்குற மக்கா என்று கேட்பார். ஒருநாள் பேச்சுக்கு நடுவே காகம் கரைந்தது. முருங்கையிலயா இருந்து கத்துது என்று கேட்டார். அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு எங்கள் வீட்டுக்குள்ளேயே நிற்கிறவர் மாதிரி.

வந்தவர் அப்படி இல்லை.

முகம் போட்டோவில் இருந்த முகம்தான். மீசையும் அதேதான். குரலும் அதே குரல். அதுதான் எங்களை அதிகம் குழப்பியது. வந்த மறுநாள் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தம்பி அடுக்களை வாசலில் நின்று, வாப்பா என்று கூப்பிட்டான். அவர் சட்டென்று திரும்பினார். ஆனால் தம்பி நின்ற பக்கம் அல்ல, நேர் எதிர்ப்பக்கம். அங்கே துணி துவைக்கிற கல் மட்டும்தான் இருந்தது. அந்தக் கல்லைப் பார்த்து, அங்கே யாரோ நிற்கிறதுபோல அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு மெல்லக் குறைந்தது. தலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து தம்பியைக் கண்டுபிடித்தார்.

முதல் தடவை நாங்கள் சிரித்தோம். மூன்றாவது தடவை யாரும் சிரிக்கவில்லை. எப்போது கூப்பிட்டாலும் அவர் ஆளில்லாத பக்கத்தையே முதலில் பார்த்தார். நாங்கள் பேசும்போது எங்கள் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைப் பார்ப்பார். எங்கள் பேச்சைப் படித்துக்கொள்ள வேறெங்கிருந்தோ வந்த ஆள் மாதிரி, உதடு அசைவதை விடாமல் பார்த்துக்கொண்டிருப்பார். சிலசமயம் கேள்வி ஒன்றும் பதில் வேறொன்றுமாக இருக்கும். தங்கை தன் மார்க்கு அட்டையில் கையெழுத்துக் கேட்டதற்கு உள்ளே போய் ஒரு மிட்டாய் எடுத்துவந்து கொடுத்தார்.

உம்மா அவர் பக்கத்திலேயே நின்றாள். எப்போதும் ஒரே பக்கம். அவரிடம் யாராவது ஏதாவது கேட்டால் அவர் வாய் திறக்குமுன் உம்மா பதில் சொல்லிவிடுவாள்.

“உம்மாக்குத் தெரியும்,” என்றாள் தங்கை. “பயந்துட்டு சொல்லாம இருக்கா.”

இதை விசாரித்து அறிய ஒரே வழிதான் எனக்குத் தோன்றியது. உம்மா குளிக்கப் போன நேரம் அவள் செல்போனை எடுத்து, வாப்பா என்று பதிந்து வைத்திருந்த எண்ணை அழுத்தினேன். வந்தவர் முன்னறையில் கட்டிலில் படுத்திருந்தார். அவருடைய இருமல் எங்களுக்குக் கேட்டது. போனில் மணி அடித்தது. நம் ஊர் மணி மாதிரி இல்லை. நீளமாக, விட்டுவிட்டு அடித்தது. பிறகு அந்தப் பக்கம் ஒரு ஆண் குரல், தூக்கத்திலிருந்து எழுந்த குரல், “சொல்லு மக்கா,” என்றது.

நான் போனை வைத்துவிட்டேன். முன்னறையில் மறுபடியும் இருமல் கேட்டது. தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் வாப்பா இன்னும் அங்கேயேதான் இருக்கிறார் என்பது அத்துடன் உறுதியாகிவிட்டது. அப்படியானால் இங்கே படுத்திருப்பது யார் என்பதுதான் மிச்சம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முட்டத்துக் கடற்கரைக்குப் போகலாம் என்று அவரே சொன்னார். உம்மா புளிச்சோறு கட்டினாள், முட்டை அவித்தாள். குளச்சலில் பஸ் மாறிப் போனோம். மற்றப் பிள்ளைகளுக்கு அது உல்லாசம். எனக்கும் தங்கைக்கும் அது பரீட்சை நாள். முட்டத்தில் யானை யானையாகப் பாறைகள் கிடக்கும். அதில் ஒன்றின் பின்னால் ஒளிந்துகொண்டு கூப்பிடுவது, சொந்த வாப்பா என்றால் நேரே வந்து கண்டுபிடிப்பார், இல்லையென்றால் மாட்டார் என்பது தங்கையின் யோசனை.

நல்ல உச்சிவெயில். அந்த நேரத்தில் அங்கே எங்களைத் தவிர ஆளே இல்லை. வெளிச்சம் அதிகமாக இருந்தால்கூடப் பயம் வரும் என்பதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன். பாறைகளுக்கு நிழல் இல்லை. கடல் பாறைக்கு அடியில் எங்கேயோ புகுந்து, யாரோ தண்ணீர் குடிக்கிற மாதிரி மடக் மடக்கென்று சத்தம் போட்டது. உம்மா கீழே மணலில் விரிப்பை விரித்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு பாறைமேல் ஏறி, எங்களுக்கு முதுகு காட்டி, கடலைப் பார்த்து நின்றார். நாங்கள் நாலு பேரும் அவருக்கு இடப்பக்கமாகப் பதினைந்து இருபது அடி தள்ளி, இரண்டு பாறைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தோம். சின்னவளின் கையை நான் பிடித்திருந்தேன்.

கூப்பிடுவதற்கு வாயைக் குவிக்கும்போது அந்தக் கையை விட்டுவிட்டேன்.

அவள் பாசியில் வழுக்கி இடுக்குக்குள் இறங்கிவிட்டாள். இடுப்பு வரை தண்ணீர். கால் எங்கோ அடியில் சிக்கிக்கொண்டது. நான் குனிந்து தோளைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. ஒரு அலை அடியிலிருந்து பொங்கி வந்து அவள் கழுத்து வரை ஏறி இறங்கியது. அவள் அழவில்லை, வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தாள். நாங்கள் மூன்று பேரும், வாப்பா வாப்பா என்று அலறினோம். பரீட்சை எல்லாம் மறந்துபோயிற்று.

அவருக்குக் கேட்டது. உடம்பு தூக்கிப்போட்டதை நான் பார்த்தேன். மறு நொடி பாறையிலிருந்து குதித்து ஓடினார். எங்களை நோக்கி அல்ல, எதிர்ப்பக்கம். கையை விரித்துக்கொண்டு, சின்னவளின் பெயரைச் சொல்லிக் கூவியபடி, வெறும் பாறைகளைப் பார்த்து ஓடினார். நாங்கள் கத்தக் கத்த இன்னும் தூரம் போனார். அங்கே ஒரு குழியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, இரண்டு கையாலும் தண்ணீருக்குள் துழாவினார். எங்களைப் போலவே இன்னும் நாலு பிள்ளைகள் அந்தப் பக்கம் நின்று அவரைக் கூப்பிடுவதுபோலவும், அதில் ஒன்று அந்தக் குழிக்குள் விழுந்துவிட்டதுபோலவும் இருந்தது. 

உம்மாதான் வந்தாள். செருப்பில்லாமல் சுடுபாறைமேல் ஓடிவந்து, குப்புறப் படுத்து, சின்னவளின் காலை அடியில் திருப்பி விடுவித்து மேலே தூக்கினாள். கணுக்காலில் தோல் உரிந்திருந்தது, வேறு ஒன்றுமில்லை. பிறகு உம்மா எழுந்து நின்றாள். அவரைக் கூப்பிடவில்லை. தலையில் கிடந்த முந்தானையை எடுத்து, அவர் பார்க்கும் வரை வீசிக்கொண்டே இருந்தாள். தூரத்தில் தண்ணீரில் துழாவுகிற ஆளும், பேச்சில்லாமல் துணியை வீசுகிற உம்மாவும். அதை இன்றைக்கும் நான் கனவில் காண்பதுண்டு.

அவர் வந்தார். முழங்கால் இரண்டிலும் ரத்தம். சின்னவளை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதார். எவ்வளவு நன்றாக நடிக்கிறார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உம்மா எனக்கு முதுகில் ஒன்று வைத்தாள். எதிர்ப்பக்கம் ஓடினவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் உம்மா சின்னவளோடு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அவர் என்னை ஜன்னலோரம் உட்காரவைத்து, எனக்கு வலப்பக்கத்தில் தான் உட்கார்ந்துகொண்டார். மண்டைக்காடு தாண்டியதும் நான் துணிந்தேன். அவர் காதருகில் வாயைக் கொண்டுபோய்க் கேட்டேன்.

“நீங்க எங்க வாப்பா இல்லதானே?”

அவர் எதிரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மூச்சு பட்டதும் குனிந்து என்னைப் பார்த்து, நல்ல பிரியமாகச் சிரித்து, “ஆமா மக்கா,” என்றார்.

அழுகையை அடக்கிக்கொண்டு, எங்க வாப்பாவ என்ன செஞ்சீங்க என்று கேட்டேன். அவர் என் தலையைத் தடவிவிட்டார்.

“வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கிடலாம்.”

அதற்குப் பிறகு அவர் இருந்த ஒன்றரை மாதமும் நான் தனியாக அவர் பக்கத்தில் போகவில்லை. அவர் கொடுத்த மிட்டாயைத் தம்பிக்கு முதலில் கொடுத்து, அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்த பிறகுதான் நானும் தங்கையும் தின்றோம். எங்கள் பாசம் அந்த அளவில் இருந்தது.

எனக்குப் பதினாலு வயதானபோது, ஒருநாள் மீன் அரிந்துகொண்டே உம்மா விஷயத்தைச் சொன்னாள். ஊருக்கு வருவதற்கு ஒரு வருடம் முன்பு, அங்கே ஒரு காலையில் எழுந்தபோது வாப்பாவுக்கு இடது காது அடியோடு போயிருந்தது. மற்றக் காதும் போகலாம், எப்போது என்று சொல்ல முடியாது என்று அங்குள்ள டாக்டர் சொல்லியிருக்கிறார். வாப்பாவுக்கு உயரத்தில் சாரம் கட்டுகிற வேலை. காது கேட்காது என்று தெரிந்தால் ஒருநாள்கூட வைத்துக்கொள்ள மாட்டார்கள். பிள்ளைகளிடம் சொன்னால் தெருவுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரிந்தால் சவூதிக்குத் தெரியும் என்று இருவருமாகச் சேர்ந்து மறைத்திருக்கிறார்கள்.

“ஒத்தக் காது போனா சத்தம் கேக்கும் மக்கா,” என்றாள் உம்மா. “எங்கேருந்து வருதுன்னுதான் தெரியாது.”

போனை அவர் வலது காதில் வைத்துப் பேசியிருக்கிறார். ஊருக்கு வரும்போது அங்குள்ள சிம்மை அறையில் கூடத் தங்கியிருந்த, எங்கள் பக்கத்து ஊர் இனயத்துக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். இந்திய எண்ணிலிருந்து போன் வந்தால் அந்த மனிதருக்கும் யாரென்றாலும் மக்காதான். பஸ்ஸில் நான் பேசியது இடது காதில். பதில் சொல்லாமல் இருந்தால் பிள்ளை சங்கடப்படுமே என்று எதையோ அனுமானித்துச் சொல்லியிருக்கிறார். அந்தப் பயணத்துக்குப் பின் ஐந்து வருடத்தில் மற்றக் காதும் போய், அவர் ஊரோடு வந்துவிட்டார். இப்போது எங்கள் வாயைப் பார்த்தே எல்லாம் பேசுவார். என் மகன் உதட்டை மட்டும் அசைத்து அவரோடு ரகசியம் பேசுவான்.

இதெல்லாம் தெரிந்தபிறகு எனக்கு முட்டம்கூட அவ்வளவு உறுத்தவில்லை. உறுத்துவது அவர் திரும்பிப் போன நாள்.

திருவனந்தபுரம் விமான நிலையத்தின் வெளியே கம்பித் தடுப்பு ஓரம் எங்களை வரிசையாக நிறுத்தி, அவர் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்தார். ஆளுக்கு ஒன்று வாப்பா காதுல சொல்லுங்க என்றார். முகத்தை ஒருபக்கமாகத் திருப்பி வலது காதை நீட்டினார். சின்னவள் என்னவோ சொல்லிச் சிரித்தாள். தம்பி சைக்கிள் கேட்டான். தங்கை சலாம் சொன்னாள். என் முறை வந்தது. போகிற ஆளுக்கு என் குரலைக் கொடுத்தனுப்பக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. காதருகே போய், சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தேன்.

அவர் காத்திருந்தார். சொல்லு மக்கா என்றார். இன்னொரு தடவை வாயை நன்றாகத் திறந்து மூடினேன். அவர் முகம் திருப்பி என் வாயைப் பார்த்தார். அது அசைந்துகொண்டிருந்தது. அவர் வலது காதுக்குள் விரலை விட்டு ஆட்டினார். உம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அப்படி வெளிறிப்போன ஒரு முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆள் அகப்பட்டுக்கொண்டார் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நேரமாகிவிட்டதென்று யாரோ அவசரப்படுத்த, அவர் எழுந்து, காதைப் பொத்தியும் திறந்தும் பார்த்தபடியே உள்ளே போனார்.

மறுநாள் மதியம் போன் வந்தது. வெள்ளிக்கிழமையும் இல்லை, உம்மாவிடம் பேசவும் இல்லை. மூத்தவளிடம் கொடு என்று எடுத்த உடனே சொன்னாராம். எனக்குப் புரிந்துவிட்டது, இது எங்கள் வாப்பா. பழைய, எல்லாம் கேட்கிற வாப்பா. நான் ஓடிவந்து போனை வாங்கி, எத்தனையோ நாள் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டினேன். வாப்பா நீங்க எங்க போனீங்க, ஒங்கள மாதிரியே ஒரு ஆளு வந்துட்டுப் போனாரு, நான் அவர்ட்ட பேசவே இல்ல, நீங்க எப்ப வருவீங்க, நாளைக்கு வருவீங்களா என்று மூச்சுவிடாமல் கேட்டேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“கேக்குது மக்கா,” என்றார் வாப்பா. “எல்லாம் கேக்குது. பேசு, நீ பேசிட்டே இரு.”

நான் கேட்ட ஒரு கேள்விக்கும் பதில் சொல்லாமல், இதையே ஏன் அழுதுகொண்டு திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. போனில் ஏதோ கோளாறு என்று நினைத்து, இன்னும் உரக்கப் பேசினேன்.