கடைவாயில் ஒதுக்கிய புளி

சாலம்மாள் இந்த ஐம்பத்து மூன்று வயதுவரை புகையிலையைத் தொட்டதில்லை. அப்படியும் முன்பல் இரண்டு ஓரம் உதிர்ந்ததும் வடக்கனந்தலில் பார்க்கிறவர்கள் எல்லோரும் அதையேதான் கேட்டார்கள்.

“யாருக்கும் தெரியாம போட்டுக்கினு இருக்கியாக்கா?” என்றாள் பக்கத்து வீட்டு ராஜாம்பாள்.

“ஆமாண்டி, உம் புருசன்தான் வாங்கியாந்து குடுக்கறான்! போய் வேலையப் பாரு.”

இருவருக்கும் ஒரே வேலைதான். கல்வராயன் மலையிலிருந்து வரும் புளியை வியாபாரி மூட்டை மூட்டையாக இறக்கிவிட்டுப் போவார். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையைத் தட்டி எடுத்துத் தர வேண்டும். மாசி பிறந்தால் சித்திரை முடிய இதே பாடு.

இரண்டு வருடமாகச் சாலம்மாளுக்கு உள்ளங்காலில் நெருப்பை மிதித்தது போல எரிச்சல். கள்ளக்குறிச்சியில் ஒரு நரம்பு டாக்டர் மாத்திரை எழுதித் தந்தார். தினம் ஒன்று போட்டதில் கால் அடங்கியது. ஆனால் வாய் வறண்டு, நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது. எதிரிலேயே புளி குவிந்து கிடக்கும்போது வேறென்ன வேண்டும்? ஒரு சுளையைக் கடைவாயில் ஒதுக்கினால் எச்சில் ஊறும். ஒன்று கரைந்ததும் இன்னொன்று, பொழுது சாயும்வரை.

பல் கூச்சம் தாங்காமல் பல் டாக்டரிடம் போனாள். “வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?” என்று அந்தப் பெண் டாக்டர் கேட்டாள். “இல்லிங்க” என்றுவிட்டாள் சாலம்மாள். காலுக்குப் போடுகிற மாத்திரையைப் பல்லுக்கு வந்த இடத்தில் எதற்குச் சொல்வது?

அடுத்த மாதமே இட்லி தின்னும்போது ஒரு பல் முறிந்தது. இட்லிக்கு! கோபத்தோடு மறுபடி போய் உட்கார்ந்தாள்.

“வாய் ஏம்மா இப்படிக் காஞ்சு கெடக்கு?” என்று டாக்டர் கேட்ட பிறகுதான் மாத்திரை, புளி எல்லாம் வெளியே வந்தது. அந்த மாத்திரை எச்சிலைக் குறைக்கும், எச்சில் வற்றிய வாயில் நாளெல்லாம் புளி இருந்தால் பல் கரையும் என்றாள் டாக்டர்.

“அப்ப நா கால வச்சிக்கிறதா, பல்ல வச்சிக்கிறதா?”

“ரெண்டையும்தான். நீங்களா மாத்திரைய நிறுத்திடாதீங்க. புளி வேணாம், தண்ணிய அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமா குடிங்க. நரம்பு டாக்டருக்குச் சீட்டு தரேன், அவர் பார்த்து மாத்தித் தருவாரு.”

சீட்டோடு அங்கே போனால், “டோக்கன் முடிஞ்சிடுச்சு, வியாழக்கெழம வாங்க” என்றாள் நர்ஸ்.

சாலம்மாள் அறைவாசலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். “மாத்திர குடுக்கசொல்ல, வாய் காயும்னு ஒருத்தராவது சொன்னீங்களா? வியாழக்கெழமைக்குள்ள இன்னொரு பல்லு போனா நீயா கட்டிக் குடுப்ப?”

சத்தம் கேட்டு டாக்டரே உள்ளே அழைத்தார். சீட்டைப் படித்தார். “வாய் காயுதுன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா?”

“இன்னாத்த சொல்றது சார்? நீங்க காலப் பாக்கறீங்க, அந்தப் பொண்ணு பல்லப் பாக்குது. நடுவுல கெடக்கற என்னை யாரு பாக்கறது?”

அவர் அவளுடைய மாத்திரைச் சீட்டை எடுத்தார். பழைய அளவை அடித்துவிட்டு, பாதி என்று எழுதினார்.