தம்புசாமியின் நாக்கு

தம்புசாமி என்ற பெயரை ரமணி முதலில் கேட்டது அவள் சின்ன அத்தையின் கல்யாணத்தில். சாம்பாரில் புளி ஏறிப்போய் பெண் வீட்டார் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, "தம்புசாமியைக் கூப்பிடுங்கப்பா, அவரு நாக்குல வச்சாத்தான் வழி பிறக்கும்" என்று யாரோ சத்தம் போட்டார்கள். அத்தை மாப்பிள்ளைக்கு அவர் ஒன்றுவிட்ட அண்ணன். அந்த வகையில் ரமணிக்கு மாமா முறை. கிள்ளானில் அவர் சமைக்காத கல்யாணம் குறைவு. குழம்பைத் துளி நக்கிவிட்டு, மிளகாய்த்தூள் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் எந்தக் கடையில் வாங்கியது என்றே சொல்லிவிடுவார்.

அந்த நாக்குதான் அவருக்கு எமனாக வந்தது.

ரமணி கிள்ளானில் ஒரு கிளினிக்கில் தாதி. அங்கே சர்க்கரை நோய்க்குப் புது மருந்தொன்றைச் சோதித்தார்கள். பாதிப்பேருக்கு மருந்து, மீதிப்பேருக்கு வெறும் மாவு; இரண்டும் ஒரே நிறக் கேப்சூல். யாருக்கு எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற ரமணிக்கும் தெரியாது. தெரிந்துவிட்டால் நினைப்பே பாதி வேலையைச் செய்துவிடும், மருந்தின் யோக்கியதை வெளியே வராது. சோதனை முடியும்வரை பழைய மாத்திரையைத் தொடக்கூடாது என்பது கண்டிப்பு.

சர்க்கரை நோயாளியான தம்புசாமியும் சோதனையில் சேர்ந்தார். கொஞ்ச நாளில் காத்திருக்கும் நாற்காலிகளில் அவரைச் சுற்றி ஒரே கூட்டம். ஆளாளுக்குக் கேப்சூலைத் திறந்து நீட்ட, அவர் விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"கசக்குது. உங்களுக்கு மருந்துதான் அக்கா, கொடுத்து வச்சவங்க."

"மாமா, இப்படிச் செஞ்சா சோதனையே கெட்டுப்போயிடும்," என்றாள் ரமணி.

"நீ ஊசி போடும்மா, ருசி பாக்குறத என்கிட்ட விடு. எனக்கு வந்தது சப்புன்னு இருக்கு, வெறும் மாவு. மாவை நம்பி உசுரோட இருக்க முடியுமா? வீட்டுல பழைய மாத்திரை இருக்குலா!"

எல்லாரும் சிரித்தார்கள். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று ரமணியும் சிரித்தாள். அடுத்த முறை வந்தபோது, ஏர்கான் குளிரிலும் அவர் சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. தண்ணீர்க் குவளை கையில் ஆடியது. "வயசாச்சுலா" என்றார்.

சோதனையின் நடுவில் ஒவ்வொருவரையும் ரமணி ஒரு கேள்வி கேட்க வேண்டும்: உங்களுக்குக் கிடைப்பது மருந்து என்று நினைக்கிறீர்களா, மாவு என்றா? பதில் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் சோதனைக் கணக்குப் பார்க்கும் விமலனுக்குப் போகும். யாருக்கு எது என்ற விவரம் அவனிடம் மட்டும்தான்.

பங்குனி உத்திரத்தன்று காலையில் விமலன் போன் செய்தான்.

"அக்கா, யாருக்கு எதுங்கற மறைப்பு ஒழுங்கா இருந்தா ஜனங்க சும்மா ஊகிப்பாங்க. காசு சுண்டின மாதிரி பாதி சரி, பாதி தப்புன்னு வரும். மத்த கிளினிக்ல அப்படித்தான் வந்திருக்கு. உங்க இடத்துல மட்டும் கிட்டத்தட்ட எல்லாமே தப்பு. இது தற்செயலா வராது. எல்லாரும் ஒரே ஆளைக் கேட்டுட்டு வந்து சொல்றாங்களா?"

"தப்பா? நாக்குல வச்சுப் பாத்துத்தானே சொன்னாங்க!"

"ஐயோ அக்கா, அங்கதான் கோளாறு. வித்தியாசம் தெரியக்கூடாதுன்னு மாவுல கசப்பு சேர்த்திருக்காங்க. அது கொஞ்சம் கூடிப்போச்சு போல. மாவுதான் கசக்கும், மருந்து அதுக்கு முன்னாடி சப்புன்னு தெரியும்."

ரமணி போனை வைத்தாள். சப்பென்று இருக்கிறது என்றாரே மாமா. அப்படியானால் அவர் இத்தனை நாளும் விழுங்கியது மருந்து. அதற்கு மேல் பழைய மாத்திரை வேறு; இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். உடனே அவர் மகள் புனிதாவை அழைத்தாள்.

"அப்பா விரதம் அக்கா. நேத்துலேர்ந்து பச்சைத் தண்ணிதான். மாத்திரைக்கெல்லாம் முருகன் கோவிச்சுக்க மாட்டாருன்னு ரெண்டு டப்பாலேர்ந்தும் போட்டுக்கிட்டாரு."

"இப்ப எங்க?"

"படுத்திருக்காரு. குறட்டைதான் ஒரு மாதிரியா வருது. கோயிலுக்குக் கிளம்புற வரைக்கும் எழுப்பாதேன்னாரு."

"எழுப்பு புனிதா! சர்க்கரை இறங்கிடுச்சு, நாக்குல தேன் தடவு, ஆம்புலன்ஸைக் கூப்பிடு!"

போனை அப்படியே போட்டுவிட்டு மகள் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்பா... அப்பா..." என்ற குரல் மட்டும்.

ரமணி போய்ச் சேர்ந்தபோது புனிதா அந்த நாக்கில் தேனைத் தடவிக்கொண்டிருந்தாள். அது அசையவில்லை.

ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள். நினைவு திரும்பவில்லை. தம்புசாமி இப்போது கிள்ளானில் மகள் புனிதாவின் வீட்டில், முன்னறைக் கட்டிலில் இருக்கிறார். குழாய் வழியாக ஊற்றுவதுதான் சாப்பாடு.