நானே அடித்த ஆர்டர் மணி

அமெரிக்கா வரி போட்டதிலிருந்து எங்கள் நைனாவின் நெற்றியிலும் வரிதான்.

நகரியில் எங்கள் விசைத்தறியில் நெய்யும் சமையலறைத் துண்டுகளை ஆன்லைனில் வாங்குபவர்கள் அமெரிக்கர்கள். ஆர்டர் வந்தால் போனில் மணி அடிக்கும், நைனா தறியைப் போடுவார். பதினைந்து நாளாக மணியும் இல்லை, தறியும் ஓடவில்லை.

இன்று காலை அவரைக் கலாய்க்க அந்த மணியை நானே ஒலிக்கவிட்டேன்.

பாதி இட்லியில் எழுந்து வந்தார். "இன்னாடா, ஆர்டரா?"

"ஆமா நைனா. அமெரிக்கா. நூறு துண்டு."

"வாங்கவே மாட்டாங்கன்னு சொல்லிக்கினு இருந்தியே, பாத்தியா?"

நான் சிரித்து முடிப்பதற்குள் லுங்கி நெய்து தரச் சொல்லி நேற்றுதான் கேட்டிருந்த திருப்பதி வியாபாரிக்குப் போன் போட்டுவிட்டார். "உங்க லுங்கி வேலைய வேற யார்கிட்டயாவது குட்த்துடுங்க. எனுக்கு அமெரிக்கா ஆர்டர் வந்துட்ச்சி."

உண்மையைச் சொல்லலாம் என்று போனைப் பார்த்தேன். விற்பனைத் தளத்திலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. புதிய வரி காரணமாக, இன்று முதல் எங்கள் துண்டுகளை அமெரிக்காவில் யாருக்கும் காட்டமாட்டார்களாம்.

தறி ஓடிக்கொண்டிருக்கிறது. இருந்த நூலையெல்லாம் ஏற்றிவிட்டார்.

நைனாவிடம் இதைச் சொல்ல ஓர் ஆள் தேவை. வேகமாக ஓடத் தெரிந்தவர்கள் கமெண்டில் வரவும்.