செவலையின் கொம்புகளோடு கம்பைநல்லூருக்கு

போனவர்கள் நானும் அம்மாவும். கூடவே ஒரு மஞ்சள் பைக்குள், தை மாதம் இறந்துபோன எங்கள் செவலைப் பசுவின் இரண்டு கொம்புகள். வராதவர் அப்பா. அவர் அன்று பக்கத்து ஊர்த் தக்காளித் தோட்டம் ஒன்றில் மருந்து அடிக்கப் போயிருந்தார்.

இருபது வருடமாக அவருக்கு அதுதான் கூலி வேலை. உள்ளங்கை வெடித்துக் கிடக்கிறது. சாயங்காலமானால் கண்ணில் நீர் கொட்டுகிறது. வேறு வேலை பாருங்கள் என்றால், "மருந்தில்லாம எவன் தக்காளி எடுக்கறான், காட்டு" என்பார். அம்மா விடாமல் நச்சரித்ததில், எங்கள் அறுபது சென்ட்டில் இருபதை ஒதுக்கித் தந்தார். "இதுல மருந்தில்லாமக் காய் வந்துதுன்னா முதுகுல சுமக்கற மருந்து டேங்க்க எறக்கி வெச்சிடறேன். ஒரு போகம்தான்." அந்த ஒரு போகத்துக்காகத்தான் இந்தப் பயணம்.

காலை 6.10. பென்னாகரம் பேருந்து நிலையம். டவுன் பஸ்ஸில் அம்மாவுக்கு இலவசம், எனக்கு 28 ரூபாய். நடத்துநர் பையை எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"மாட்டுக் கொம்புங்க. ஒரத்துக்கு."

"ஒரம் மூட்டையில வரும். கொம்புலயுமா வருது?" என்று சிரித்துக்கொண்டே அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். அம்மா பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

தருமபுரியில் இறங்கி டீயும் போண்டாவும், இரண்டு பேருக்கும் 40 ரூபாய். அங்கிருந்து கம்பைநல்லூருக்கும் டவுன் பஸ்தான், எனக்கு மட்டும் 22. ஊரிலிருந்து தோட்டம் ஐந்து கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 60 கேட்டார், கொடுத்தோம்.

காலை 9.40. தோட்டம் சத்யா, மாதேஷ் தம்பதியுடையது. சத்யாவுக்கு முப்பது வயது இருக்கலாம். திருப்பூர் பனியன் கம்பெனியில் தையல் மிஷினில் இருந்தவர். இரண்டு ஏக்கரில் கத்திரி, தக்காளி, மஞ்சள். உயிராற்றல் வேளாண்மை என்கிறார்கள். பசுவின் கொம்புக்குள் சாணியை அடைத்து ஐப்பசியில் மண்ணில் புதைக்கிறார்கள்; பங்குனியில் தோண்டி எடுத்து, நீரில் கலக்கி நிலத்துக்குத் தெளிக்கிறார்கள். விலை கிடையாது. சொந்த மாட்டுக் கொம்பு கொண்டு வருபவர்களுக்கு உரம், அதுதான் வழக்கம். அன்று தோண்டும் நாள்.

மாதேஷ் குழியிலிருந்து ஒரு கொம்பை எடுத்துக் கல்லில் மெல்லத் தட்டினார். கருப்பாக, ஈரமாக, உருண்டு விழுந்தது. முகர்ந்து பார்த்தேன். சாணி வாடையே இல்லை. காட்டுக்குள் சருகைக் கிளறினால் வருமே, அந்த மணம். நான் வேதியியல் படித்தவன், எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள். "கொம்பு என்னங்க பண்ணுது உள்ள?" என்று கேட்டேன்.

"தெரியாதுங்க தம்பி" என்றார் சத்யா. "மண்சட்டியிலயும் அடைச்சுப் பொதைச்சுப் பாத்தேன். இப்படி வரல. ஏன்னு நீங்கதான் படிச்சுட்டுச் சொல்லணும்."

தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

அம்மா பையைத் திறந்தாள். பளபளவென்று நீலக் கொம்புகள், நுனியில் குங்குமம். வெறுங்கொம்பாகக் கொடுக்கக் கூடாதென்று இரண்டு நாள் முன்பே எனாமல் பெயிண்ட் அடித்துக் காய வைத்திருந்தாள். சத்யா வாயைப் பொத்திக்கொண்டார்.

"எந்தக் கட்சிங்க்கா இது?" என்றார் மாதேஷ்.

"எங்கூட்டு ஜன்னலுக்கு அடிச்ச மிச்சம்ங்க. அழகா இல்லீங்களா?"

"அழகாத்தான் இருக்குது. ஆனா பெயிண்ட் இருந்தா மண்ணு சேத்துக்காதுக்கா. சொரண்டிட்டுத்தான் குடுக்கணும்."

அம்மாவின் முகம் வாடிவிட்டது. ஆனாலும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கத்தி முதுகால் சுரண்ட ஆரம்பித்தாள். நீலத்துக்கு அடியில் சிவப்பு, அதற்கடியில் பச்சை. ஒவ்வொரு பொங்கலுக்கும் அப்பா அடித்தது. எல்லாம் உதிர்ந்ததும் அடிப்பக்கம் வரி வரியாக வளையங்கள் தெரிந்தன. சத்யா விரலால் தடவி எண்ணினார்.

"ஒரு கன்னுக்கு ஒரு வளையம். ஆறு ஈத்துங்களா?"

"ஆறுதான்" என்றாள் அம்மா, வியந்துபோய்.

"இங்க எடைவெளி அகலமா இருக்குது பாருங்க. அந்த வருசம் செனை நிக்கலயா?"

அம்மா கொம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவன் காலேஜ் சேந்த வருசம். பீஸ் கட்டிட்டுத் தவுடு வாங்கல."

எனக்கு இது தெரியாது. சுரண்டிய பெயிண்டைக் காகிதத்தில் கூட்டி அள்ளினேன்.

மதியம் 1.00. சோறு, கத்திரிக்காய்க் குழம்பு போட்டார்கள். சாப்பிடும்போதே சத்யா சொல்லிக்கொண்டு வந்தார். கொம்பு உரம் பூச்சியை விரட்டாது, மண்ணைத்தான் தேற்றும். இலைக்கருகலுக்குச் சவுக்கு இலையைக் கொதிக்கவைத்த கஷாயம். மாட்டு மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசுவார்களாம். முதல் வருடம் காய் குறையும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அப்பாவின் கையைப் பற்றி அம்மா கேட்டதும், குப்பைமேனி போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய் ஒரு குப்பி கொடுத்தார். "இது வெடிப்புக்கு மட்டுந்தாங்க்கா. கண்ணுக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. அதுக்கெல்லாம் எங்கிட்ட வராதீங்க."

ஐந்து கிராம் உரத்தை ஒரு சின்னக் கலயத்தில் போட்டுத் தந்தார். சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்து, "நாளைக்குச் சாயங்காலம் தெளிச்சிடுங்க. அதுக்கு மேல நெலா மேல்நோக்கு, மண்ணுக்குத் தெளிக்க ஆகாது. மூணு லிட்டர் தண்ணி, ஒரு மணி நேரம் கலக்கணும். மருந்து அடிச்ச டேங்க்ல மட்டும் ஊத்திடாதீங்க, வேப்பங்கொத்தால தெளிச்சாப் போதும்" என்றார்.

கொம்புகள் அங்கேயே தங்கின. ஐப்பசியில் வந்து நாங்களே சாணி அடைக்க வேண்டும். அம்மா இரண்டையும் ஒருமுறை தடவிவிட்டுத்தான் எழுந்தாள். ஊர்வரை பால் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அதே பஸ்கள், அதே டிக்கெட்.

மறுநாள் காலை 6.00. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். வளையக் கணக்கைச் சொன்னபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தார். பிறகு போனை எடுத்து, "இன்னிக்கு வரலீங்க. எங்கூட்டுத் தோட்டத்துல வேலை இருக்குது" என்றார்.

மாலை 4.30. வாளிக்கு முன் குந்தி உட்கார்ந்து அவர்தான் கலக்கினார். ஒரு பக்கமாகச் சுழற்றி, நடுவில் குழி விழுந்ததும் எதிர்ப்பக்கம். "ஒரு மணி நேரமா? டேங்க்குன்னா இந்நேரம் ஒரு ஏக்கர் முடிச்சிருப்பேன்" என்று முனகினாரே தவிர, கம்பை என்னிடம் தரவில்லை. பொழுது சாய்கையில் மூன்று பேரும் ஆளுக்கொரு வேப்பங்கொத்தோடு இருபது சென்ட்டையும் நடந்து முடித்தோம். அப்பா முகத்தில் துணி கட்டிக்கொள்ளாமல் தெளித்ததை நான் பார்த்தது அன்றுதான்.

பஸ்ஸுக்கு நூறு, ஆட்டோவுக்கு அறுபது, டீ போண்டாவுக்கு நாற்பது, வேலைக்குப் போகாததில் அப்பாவுக்கு விட்டுப்போன ஒரு நாள் மருந்தடிக் கூலி எழுநூறு. ஆக மொத்தம் எங்களுக்கு ஆன செலவு தொள்ளாயிரம் ரூபாய்.