பன்னிரண்டு துணி ரோலுக்கு அடியில் ஒரு கார்பன் சைக்கிள்

இந்தப் பயணம் போய் வந்து இரண்டு வாரம் ஆகிறது. இன்னும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. மூலனூர், வெள்ளகோவில், காங்கேயம் வழியாகத் திருப்பூர் வரும் பாதை சைக்கிளுக்கு எப்படி என்று பலர் கேட்டிருந்தீர்கள். தூரம், நேரம், சாப்பாடு எல்லாம் சொல்கிறேன். நடுநடுவே கொஞ்சம் கத்துவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், ஏன் போனேன் என்பது. போன வருடம் அவிநாசி சாலையில் கொட்டிக்கிடந்த ஜல்லியில் சறுக்கி விழுந்ததில் எனக்குக் காரை எலும்பு முறிந்தது. உள்ளே தகடு வைத்து முடுக்கியிருக்கிறார்கள். என் கணவர் செல்வம், பிரிண்டிங் யூனிட்டில் சூப்பர்வைசர், அதிர்ந்து பேசாத மனிதர். எக்ஸ்ரேயைப் பார்த்த அன்றைக்கு, "இன்னொரு தடவ விழுந்தேன்னா இந்தச் சைக்கிள் நம்ம வீட்ல இருக்காது" என்று ஒரே ஒரு முறை சொன்னார். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மெதுவாகச் சொல்லிவிட்டதால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பத்து மாதம் கழித்து, தை மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், வெளியூர்ச் சாலையில் தனியாக ஓட்டிவர அனுமதி கிடைத்தது. அனுமதி என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

என் சைக்கிள், கார்பன் ரோடு பைக்குகளில் கடைசிப் படியில் இருப்பது. அதற்கே ஒன்றரை லட்சத்தை நெருங்கியது. வீட்டில் உட்கார்ந்திருந்த பத்து மாதத்தில் என் கை சும்மா இருக்கவில்லை. சீட் மாற்றினேன், செயின் மாற்றினேன், பின்பல்சக்கரம் மாற்றினேன், பெடல் மாற்றினேன். கடைசியாக கார்பன் சக்கரம் ஒரு ஜோடி, நாற்பத்திரண்டாயிரம். டயர் ஒரு ஜோடி ஏழாயிரத்து அறுநூறு ரூபாய் என்று கடைக்காரர் சொன்னபோது எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அந்தக் காசுக்கு என் ஸ்கூட்டிக்கு இரண்டு டயரும் போட்டு, பெட்ரோல் நிரப்பி, வீட்டோடு பிரியாணியும் சாப்பிட்டிருக்கலாம். ஆனாலும் வாங்கினேன். நான் மாற்றாமல் விட்டது ஃபிரேமும் ஃபோர்க்கும் மட்டும்தான்.

செல்வம் ஒரு நிபந்தனை போட்டார். இருட்டு விலகாத நேரத்தில் காங்கேயம் சாலையில் லாரிகளுக்கு நடுவே நான் ஓட்டக் கூடாது. போகும்போது வண்டியில் போக வேண்டும், வரும்போது வெளிச்சத்தில் ஓட்டிக்கொண்டு வரலாம். மூலனூரில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனிக்குக் கட்டிங்கும் தையலும் செய்து தரும் யூனிட் ஒன்று இருக்கிறது. ஷிப்மெண்ட் அவசரம், ஞாயிறும் வேலை. துணி ஏற்றிப்போகும் குட்டியானை, அதாவது மினி லாரி, திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் தெருவைத் தாண்டித்தான் போகும். டிரைவர் கந்தசாமி அண்ணன் எனக்கு ஆறேழு வருடப் பழக்கம். நான் தரம் பார்க்கும் க்யூசி பிரிவில் இருக்கிறேன், ரிஜெக்ட் ஆன துணியைத் திருப்பி ஏற்றிப்போய் ஏற்றிப்போய் என்னிடம் திட்டு வாங்காத நாளே அவருக்கு இருந்ததில்லை.

காலை ஐந்தேகாலுக்கு வண்டி வந்தது. கந்தசாமி அண்ணனும் லோடுமேன் ஒருவரும் சைக்கிளை வாங்கி, அடியில் விரித்திருந்த துணி ரோல்களின் மேல் படுக்க வைத்துக் கயிறு போட்டார்கள். இரண்டு பக்கமும் ரோல், மேலேயும் ரோல். "கண்ணாடிச் சாமானாட்டக் கொண்டுபோயிரலாமுங்க அம்மிணி. நீங்க முன்னால ஏறி உக்காருங்க" என்றார். செல்வம் பின்னால் நின்று அவரிடம் என்னமோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரே பெருமை. 'என் ராஜாவுக்குப் பஞ்சு மெத்தை' என்று படம் எடுத்து ஸ்டேட்டஸ் வேறு வைத்தேன்.

மூலனூரில் இறங்கியபோது ஏழு மணி ஆகவில்லை. முருங்கைக்காய்ச் சந்தைக்குப் போய் ஒரு சுற்று சுற்றினேன். ஆள் உயரத்துக்குக் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தார்கள். ஒரு வியாபாரி என்னை விட்டுவிட்டுச் சைக்கிளையே மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, இதுல கேரியர் எங்கீங்க?"

"கேரியர் கிடையாதுங்க."

"ஸ்டேண்டுங்க?"

"அதுவும் இல்ல."

"அப்பறம் எத்தனைக்குங்க வாங்குனீங்க?"

பதினைந்தாயிரம் என்று வாய்கூசாமல் பொய் சொன்னேன். அதற்கே அவர் வாயைப் பிளந்துவிட்டார். "அடக் கெரகமே! ரெண்டு கட்டு காய் வெக்க எடமில்லாத வண்டிக்குங்களா?" என்று பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். நிஜ விலையைச் சொல்லியிருந்தால் அந்த மனிதரை நான்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போயிருக்க வேண்டும்.

ஏழேகாலுக்குக் கிளம்பினேன். மூலனூரிலிருந்து வெள்ளகோவில் பதினேழு கிலோமீட்டர் வரும். சாலை நன்றாக இருக்கிறது, வண்டிகள் குறைவு. இரண்டு பக்கமும் முருங்கைத் தோட்டமும் மேய்ச்சல் காடும். புதுச் சக்கரம் தானாக ஓடுகிறது. தகடு வைத்த தோள் கொஞ்சம் இறுகியது, ஆனால் வலிக்கவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது, மறைப்பானேன்.

மூன்றாவது கிலோமீட்டரிலோ நான்காவதிலோ அந்தச் சத்தம் ஆரம்பித்தது. எழுந்து நின்று மிதித்தால் மட்டும் டக். உட்கார்ந்தால் இல்லை. மறுபடி எழுந்தால், டக்.

காசைக் கொட்டிப் பாகங்கள் மாற்றியவர்களுக்கு ஒரு புத்தி உண்டு. எந்தச் சத்தம் வந்தாலும் கடைசியாக வாங்கிய சாமான்மேல்தான் சந்தேகம் போகும். நான் முதலில் பெடலைச் சந்தேகப்பட்டு இறங்கி முடுக்கினேன். சத்தம் நிற்கவில்லை. பிறகு சீட். பிறகு சக்கரத்தின் அச்சு. நாற்பத்திரண்டாயிரத்தை வாங்கிக்கொண்டு என் தலையில் மிளகாய் அரைத்துவிட்டான் என்று கடைக்காரரை வெள்ளகோவில் வரைக்கும் திட்டிக்கொண்டே போனேன். பாவம், அவர்மேல் ஒரு தப்பும் இல்லை.

வெள்ளகோவிலில் பேருந்து நிலையத்தை ஒட்டிய மெஸ் ஒன்றில் நாலு இட்லி, ஒரு ஊத்தப்பம், காபி. தொண்ணூறு ரூபாய். கழிப்பறை சுத்தமாக இருந்தது, பெண்களுக்காக இதைச் சொல்கிறேன். அங்கிருந்து காங்கேயம் இருபது கிலோமீட்டர், திருச்சி – கோவை நெடுஞ்சாலை. லாரிகள் உரசிக்கொண்டுதான் போகும், ஆனால் ஓரத்தில் இடம் இருக்கிறது. நடுவில் நல்ல இறக்கம் ஒன்று வரும். ஆசை யாரை விட்டது? ஹேண்டில்மேல் குனிந்து விட்டேன் பாருங்கள், மீட்டரில் ஐம்பத்தொன்று காட்டியது.

காங்கேயத்தில் நிற்கவில்லை. அங்கிருந்து திருப்பூர் சாலையில் ஐந்து கிலோமீட்டர் வந்தால் சிவன்மலைப் பிரிவு. இளநீர்க் கடையைப் பார்த்து நிறுத்தினேன். மணி பத்தை நெருங்கிக்கொண்டிருந்தது, வீட்டுக்கு இன்னும் இருபத்திரண்டு கிலோமீட்டர். வண்டியைப் புளிய மரத்தில் சாய்த்துவிட்டு, சட்டைப்பையில் இருந்த பனியன் துணியால் ஃபிரேமில் வியர்வை வடிந்திருந்த மேல்குழாயைத் துடைத்தேன். திருப்பூர்க்காரர்கள் பையில் கைக்குட்டை இருக்காது, கட்டிங் வேஸ்ட்தான் இருக்கும்.

துணி ஓர் இடத்தில் மாட்டி இழுத்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் இது என் தினசரிப் பிழைப்பு. செக்கிங் டேபிளில் தைத்த பீஸ் வந்து இறங்குவதற்கு முன்னால் மெல்லிய பனியன் துணி ஒன்றை மேஜை முழுக்க இழுத்துப் பார்ப்போம். எங்கே நூல் மாட்டுகிறதோ, அங்கே கண்ணுக்குத் தெரியாத சிராய் இருக்கிறது என்று அர்த்தம். கார்பன் குழாயில் சிராய்க்கு என்ன வேலை? குனிந்து பார்த்தேன். மேல்குழாயின் நடுவில், பெயிண்டுக்கு மேலே, தலைமுடி அகலத்தில் ஒரு கோடு. வளைந்து அடிப்பக்கம் வரைக்கும் போயிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன். குழாய் உள்ளே அமுங்கியது. டக் என்றது. கிட்டத்தட்ட நாற்பது கிலோமீட்டர் என்னோடு வந்த அதே சத்தம்.

ஐம்பத்தொன்று! அந்த இறக்கத்தில் பக்கத்திலேயே டேங்கர் லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. கார்பன் என்பது வளைந்து, நெளிந்து, சொல்லிவிட்டு உடைகிற சாமான் கிடையாது. போனால் ஒரேயடியாகத்தான் போகும்.

இப்போது கேவலமான உண்மை ஒன்று. இவ்வளவும் தெரிந்த பிறகும், மெதுவாக ஓட்டிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்துவிடலாமா என்று யோசித்தேன். செல்வத்துக்கு போன் செய்தால் எல்லாம் முடிந்தது. பத்து மாதம் காத்திருந்து வந்த ஒரே நாள், அதிலும் பாதி வழியில் நின்று ஆள் கூப்பிட்டால், அடுத்த அனுமதி எந்த ஜென்மத்தில் கிடைக்கும்? சீட்டில் ஏறி உட்கார்ந்துகூட விட்டேன். ஒரு காலை ஊன்றிக்கொண்டு இன்னொரு காலை பெடலில் வைத்து அழுத்தினேன். டக். இறங்கி, செல்வத்தைக் கூப்பிட்டேன்.

"என்னங்க, சிவன்மலைப் பிரிவுல நிக்கேன்."

"விழுந்துட்டியா?"

"விழல. ஃபிரேம் விரிசல் விட்டிருக்கு."

"அங்கனயே நில்லு. அதுல ஏறாத. நான் வாரேன்" என்று வைத்துவிட்டார்.

முக்கால் மணி நேரத்தில் குட்டியானையே வந்தது. மூலனூரில் துணியை இறக்கிவிட்டுத் திருப்பூர் திரும்பியிருந்த கந்தசாமி அண்ணனையே செல்வம் அழைத்துக்கொண்டு வந்திருந்தார். அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, "எங்கீங்க? இந்த முடியாட்ட இருக்கறதுங்களா? இதுக்குப் போயி மூஞ்சி வெளுத்து நிக்கறீங்களே" என்று சிரித்தார். அவர் விரலைப் பிடித்து அந்த இடத்தில் அழுத்த வைத்தேன். டக் என்றதும் சுட்டதுபோலக் கையை எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் நான் குழாயைச் சுற்றிச் சரியாகப் பார்த்தேன். கோடு இருந்த இடத்தில் கயிறு அழுந்திய தடம். எனக்கு வந்ததே கோபம்.

"அண்ணே, இது மேல எத்தன ரோல் வச்சீங்க?"

"பன்னண்டு ரோலுங்க."

"ஒரு ரோலு இருபத்தி ரெண்டு கிலோண்ணே!"

"துணிதானுங்களே அம்மிணி... மெத்துனு இருக்குமின்னுதான் சுத்தியும் வெச்சமுங்க." அவர் முகம் செத்துவிட்டது.

"கயித்த இப்படியா இறுக்குவாங்க?"

அவர் செல்வத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சாருதானுங்க சொன்னாரு. வண்டி துளிகூட ஆடப்படாது, ஊட்டுக்காரம்மா மறுபடியும் விழுந்தராமப் பாத்துக்கோங்கன்னு. அதான் ரெண்டு பேருஞ் சேந்து மிதிச்சு இறுக்குனமுங்க."

இதைக் கேட்டதும் என் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. நான் செல்வத்தைப் பார்த்தேன். அந்த மனிதர் அப்படியே சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார். "நாந்தான் சொன்னேன்" என்றார். "நல்லா இறுக்கிக் கட்டச் சொன்னேன்."

யாரை நான் திட்டுவது? பன்னிரண்டு ரோலையும் என் கண்ணால் பார்த்து, மெத்தை என்று படம் எடுத்தவள் நான். ரோலின் எடை எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். துணியிலேயே பிறந்து வளர்ந்த இந்த ஊரில், துணி ஒரு சாமானை உடைக்கும் என்று எவருக்கும் புத்தியில் ஏறாது. கல்லாக இருந்திருந்தால் மூன்று பேருமே பதறியிருப்போம்.

மீதிக் கதைக்கு முன்னால், இந்தப் பாதையில் போக நினைப்பவர்களுக்கு. மொத்தம் அறுபத்துநாலு கிலோமீட்டர், நிதானமாக வந்தால் மூன்றரை மணி நேரம். தை, மாசிதான் சரியான காலம், ஆடிக் காற்றில் மூலனூரிலிருந்து திரும்பி வந்தால் உயிர் போய்விடும். வெள்ளகோவிலில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். கார்பன் சைக்கிளை வண்டியில் ஏற்றினால் நிற்க வைத்து ஏற்றுங்கள், மேலே எதையும் வைக்காதீர்கள், தலையணையாக இருந்தாலும் சரி. கயிறு கட்ட வேண்டியது சக்கரத்திலும் சீட்டிலும்தான், குழாயில் படவே கூடாது. இறக்கியதும் ஒரு பனியன் துணியால் ஃபிரேம் முழுக்கத் துடையுங்கள். சத்தம் வந்தால் புதுச் சாமானையே முறைத்துக்கொண்டிருக்காமல் ஃபிரேமையும் பாருங்கள். என் ஃபிரேம் பெங்களூருக்குப் போயிருக்கிறது, ஒட்டித் தர முடியும் என்று சொல்லியிருக்கிறார்கள். சக்கரமும் மற்றதும் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன.

அன்றைக்குத் திரும்பும்போது கந்தசாமி அண்ணன் பழக்கத்தில் கயிற்றை எடுத்தார். செல்வம் வாங்கி ஓரமாகப் போட்டுவிட்டார். பின்னால் ஏறி, சைக்கிளை நிறுத்தி, ஒரு கையால் சீட்டையும் ஒரு கையால் ஹேண்டிலையும் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் முன்னால் போகாமல் அவர் பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்தேன். இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று காத்திருந்தேன். வீட்டில் இனி இது இருக்காது என்று சொன்னால் எப்படிச் சண்டை போடுவது என்று வாய்க்குள் வார்த்தைகளைக்கூடக் கோத்து வைத்திருந்தேன். படியூர் தாண்டும் வரைக்கும் அவர் வாயே திறக்கவில்லை.

பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "அடுத்த தடவ வண்டி வேண்டாம். போறதுக்கும் வாரதுக்கும் நீயே ஓட்டிக்கோ."

எழுந்து நின்று, சைக்கிளின் அந்தப் பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன்.